ஒத்தப்பனைவிளையில் போனிலிருந்து இறங்கினவர்கள்

ஒத்தப்பனைவிளை தர்மகர்த்தா சொரிமுத்துவின் போனுக்குள் யார் யாரோ குடியிருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது ஒரு பங்குனி மாதத்து முற்பகலில்தான். அதுவும் அவருடைய பேத்தியின் காதுகுத்து வீடியோ உள்ளே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, இடமில்லை இடமில்லை என்று அந்தப் போன் விடிந்ததிலிருந்து கத்தித் தொலைத்ததால், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த கொம்பையாவின் செல்போன் கடைக்கு வந்து, "இந்தச் சனியன என்னன்னு பாருங்க மாப்ளே" என்று மேசைமேல் போட்டதால் தெரிந்தது.

கொம்பையா ஊர்க்காரன் இல்லை. வண்டிமலையானின் ஒரே மகள் உலகம்மையைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். வந்து, மகள் பிறந்து, அந்த மகள் தன்ஷிகா ஏழாம் வகுப்புக்கும் போயாயிற்று, ஆனாலும் ஊருக்கு அவன் இன்னும் புது மாப்பிள்ளைதான். பெரியவர் சின்னவர் எல்லாரும் வாங்க மாப்ளே போங்க மாப்ளே என்று வாயில் தேன் ஒழுகக் கூப்பிடுவார்கள், டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்கார வைப்பார்கள், ஊர்க்கூட்டம் என்று வந்தால் மட்டும் "நீங்க ஏன் மாப்ளே வெயில்ல நிக்கணும்" என்று பாசமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவனிடம் வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்காவிட்டால் மிச்சம்தானே என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அர்த்தம். வரி கட்டினவன்தான் தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் கூட்டத்தில் வாய் உண்டு, அவன் வீட்டுப் பெண்பிள்ளைக்குத்தான் கொடையில் முளைப்பாரி தூக்க உரிமை உண்டு. பிறந்த ஊரில் போய் வரி கட்டிக்கொள்ளலாமே என்றால், அங்கே "நீதான் பொண்டாட்டி ஊருக்காரன் ஆயிட்டியே" என்று என்றைக்கோ அவன் பேரை அடித்துவிட்டார்கள். தன்ஷிகாவோ வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளோடு படிக்கிற பிள்ளைகளெல்லாம் பட்டுப்பாவாடை கட்டி முளைப்பாரியோடு வரிசையில் போக, இவள் மட்டும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள்.

அவன் தர்மகர்த்தாவின் போனைத் திறந்து பார்த்தான். அவர் போட்டது பாதி, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியது பாதி. ராசிபலன் சொல்கிற ஆப், வானிலை சொல்கிற ஆப், பாட்டுப் பாடுகிறது, சாமான் விற்கிறது, போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தானே குப்பையாகக் கிடக்கிறது. எதையும் சொரிமுத்து ஒருநாளும் திறந்ததில்லை, எதையும் நீக்கவும் முடியாது, அழுத்தினால் 'நிறுத்தி வைக்கலாம், அகற்ற இயலாது' என்று பதில் வரும். கொம்பையா அதற்கெல்லாம் மசிகிறவன் இல்லை. போனைக் கேபிளில் மாட்டி, கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டி, ராசிபலனை வேரோடு பிடுங்கினான். பிடுங்கினதும் மேசைக்கு அடியிலிருந்து மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒருவன் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"தம்பி எந்த ஊரு?" என்றார் சொரிமுத்து. எங்கள் பக்கத்தில் யார் எங்கிருந்து முளைத்தாலும் முதலில் கேட்பது அதுதான்.

"தங்கள் இருப்பிடத்தை நான் அறிந்துகொள்ள அனுமதிக்கிறீர்களா?" என்றான் அவன்.

"நம்மகிட்டயே ஊரு கேக்கான் பாருங்க" என்று தர்மகர்த்தா சிரித்து, சரி சரி என்று சொல்லிவைத்தார். அவன் பின்னால் வானிலை நீலச் சட்டையிலும், பாட்டு சிவப்புச் சட்டையிலும், மற்றவர்கள் வேறு வேறு நிறங்களிலும் எழுந்து வந்து, கடைக்குள் இடம் போதாமல் வாசலில் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. போனில் காதுகுத்து வீடியோ ஏறிவிட்டது. அதைப் பார்த்து ஊரே போனைத் தூக்கிக்கொண்டு வந்தது. சித்திரை பிறப்பதற்குள், கொம்பையா கேபிளை மாட்டி மாட்டி, ஒத்தப்பனைவிளையில் பிறந்தவர்களைவிடப் போனிலிருந்து இறங்கினவர்கள் அதிகமாகிப் போனார்கள்.

இவர்கள் எப்படி வந்தார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, எங்கே படுப்பார்கள் என்பதுதான் பேச்சாக இருந்தது. பஞ்சாயத்து கட்டித் திறக்காமல் போட்டிருந்த நூலகத்தில் படுத்தார்கள். சோறு தண்ணீர் வேண்டாம், சம்பளம் வேண்டாம், யாராவது அவர்களுக்குச் சரி என்று சொன்னால் போதும், முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிடும். எங்கள் சனத்துக்குச் சரி சொல்வதில் என்ன கஷ்டம், எல்.ஐ.சி.க்காரனிலிருந்து ஓட்டுக் கேட்டு வருகிறவன் வரைக்கும் அப்படிச் சொல்லித்தானே வாசலோடு அனுப்புகிறார்கள். ஆனால் இவர்கள் வாசலோடு போகிறவர்கள் இல்லை. உங்கள் அடுக்களையைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்பான் ஒருவன், சரி என்றால் போய் உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பான். பீரோவை அறிய அனுமதிக்கிறீர்களா என்பான் இன்னொருவன். சாமான் விற்கிறவன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, எதிர்வீட்டில் கொலுசு வாங்கியவர்கள் தோடும் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த ஒரு வரிக்காகவே பெண்கள் அவனுக்கு முக்காலி போட்டார்கள். சுத்தம் செய்கிறவன் வீடு வீடாக வந்து, உங்கள் வீட்டில் ஏராளமான குப்பை கண்டறியப்பட்டது என்று பதறவைத்து, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டிவிட்டுப் போவான். பாட்டுக்காரன் கல்யாண வீட்டில் பல்லவி முடிந்து சரணம் எடுக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு சந்தா கேட்பான், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதுதான் கௌரவம் போல என்று கொடுத்தார்கள். வானிலைக்காரனுக்குத்தான் பெரிய மரியாதை. தினமும் காலையில் டீக்கடையில் வந்து, இன்று லேசான மழைக்கு வாய்ப்பு உண்டு என்பான், அந்தக் காய்ந்த பூமியில் அப்படி ஒரு நல்ல வார்த்தையை யாரும் சொன்னதே இல்லை. மழை வரவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

கொடைக்கு வரி எழுதுகிற கூட்டம் வந்தது. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், வாணவேடிக்கை என்று ஆசைப்பட்டதெல்லாம் பெரிது, வசூல் சிறிது. நூலகத்தில் அத்தனை பேர் சும்மாதானே இருக்கிறார்கள், ஆளுக்கொரு தலைக்கட்டாக எழுதிவிட்டால் என்ன என்று யாரோ ஒரு புத்திசாலி எடுத்துக்கொடுக்க, சொரிமுத்து சரி என்றார். அவர்களும் கேட்ட உடனே எடுத்து நீட்டினார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கோயில் வரியில் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருக்கிறவர்களை எழுதுகிற பேச்சு மட்டும் வழக்கம் போல எழவில்லை.

கூப்பிடாமலே கூட்டத்துக்கு வந்திருந்த கொம்பையா கடைசி ஆளாக எழுந்து, சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான்.

"நீங்க எதுக்கு மாப்ளே சிரமப்படுதீய" என்றார் சொரிமுத்து.

"என் மேசைக்கடியில இருந்து எந்திரிச்சு வந்தவன்கிட்ட வாங்குதீய. நான் இங்க குடும்பம் நடத்துதேன்."

"அவங்க நம்ம போன்ல இருந்து வந்தவங்கல்லா. நம்ம வீட்டுக்குள்ளயே கெடந்தவங்க. நீங்க அப்படியா? நீங்க மருமகன், வெளியூரு."

கொம்பையா மாமனாரைப் பார்த்தான். வண்டிமலையான் தரையில் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டு, "வீட்டுக்குப் போங்க மாப்ளே, சாப்பாடு ஆறுது" என்றார். இறங்கினவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவனின் முகத்தைப் பார்த்தே தன்ஷிகா தெரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

வரி வாங்கியாயிற்று, வாங்கினால் வாய் உண்டு. கொடைக்குப் பந்தக்கால் நாட்டுகிற அன்றைக்கு அந்த வாய் திறந்தது. எதுவானாலும் கை தூக்கிப் பார்த்து முடிவு செய்வது ஊர்வழக்கம், இறங்கினவர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கை தூக்கினார்கள், அவர்கள் கைதான் அதிகம். தீபாராதனைக்கு முன்னால் ஒரு சலவைப் பவுடரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது என்று முடிவாயிற்று, சொன்னார்கள். கருவறையில் தேவையற்ற சிலைகள் கண்டறியப்பட்டுள்ளன என்று சுத்தக்காரன் எழுந்து அறிவித்தான், பூசாரி அம்மன் சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாமியாடி அருள் வந்து ஆடி, கண் சிவந்து, குறி சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் பாட்டுக்காரன் குறுக்கே வந்து, மீதியைக் கேட்கச் சற்றுக் காத்திருக்கவும் என்றான். அம்மன் காத்திருந்தாள். அம்மனைக் காக்க வைத்துப் பார்த்துப் பழக்கமில்லாத சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதையெல்லாம் சொரிமுத்து பொறுத்துக்கொண்டார். ஆனால் தலையில் பரிவட்டம் கட்டுகிற முதல் மரியாதை, அவர் அப்பாவுக்குக் கட்டி அவருக்குக் கட்டி வந்த மரியாதை, கை தூக்கி எண்ணிப் பார்த்ததில் வானிலைக்காரனுக்குப் போய்விட்டது. அவன் பரிவட்டத்தோடு திரும்பி நின்று, லேசான மழைக்கு வாய்ப்பு உண்டு என்றான். அம்மன் காத்திருந்ததைத் தாங்கின மனுஷனால் இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே தர்மகர்த்தா கடைக்கு வந்துவிட்டார். கூடவே வண்டிமலையானையும் கூட்டி வந்திருந்தார், வேலை ஆக வேண்டும் என்றால் மட்டும் மாமனார் ஞாபகம் வரும்.

"இவனுங்களத் திரும்ப உள்ள அனுப்பணும் மாப்ளே."

"ஒவ்வொருத்தனா அனுப்ப வழியில்ல. மொத்தமா ரீசெட் போடணும். பெட்டியில வந்தப்ப போன் எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும்."

"போடுங்க."

"அவங்க இப்ப போன் ஆளுங்க இல்லியே. வரி வாங்கி ஊராளுங்க ஆக்கிட்டீய. ஊர்ப் போன்லதான் போடணும்." ஊர்ப் போன் என்பது கோயில் கமிட்டியின் போன், தலைக்கட்டு எல்லாம் அதில்தான் பேர் ஏறியிருக்கும், ஊர்க் குரூப் அதில்தான் ஓடும். "போட்டா, மொதல்ல இருந்து இருக்கது இருக்கும். பின்னால வந்ததெல்லாம் போயிரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பின்னால வந்தது போனா நல்லதுதான?" என்று சொரிமுத்து வண்டிமலையானைப் பார்த்தார், வண்டிமலையான் ஒரு தடவை மருமகனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். "இத மட்டும் முடிச்சுக் குடுங்க. உங்க பேர வரியில எழுதிருவோம். ஒங்க பிள்ள முளைப்பாரி எடுக்கட்டும்."

கொம்பையாவுக்கு அந்தப் பார்வை புரிந்தது. ரீசெட்டில் வெளியூரிலிருந்து வந்த ஒருவனும் எப்படியும் போவான், போகிறவனுக்கு எதை வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல்லலாம். அவனுக்குக் கோபம் வந்தது, சும்மா வந்துபோகிற கோபம் இல்லை, தாலி கட்டின நாளிலிருந்து அடைத்து வைத்திருந்தது. ஆனாலும் அவன் நேர்மையான ஆள், என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லாமல் யார் போனிலும் அவன் கை வைத்ததில்லை. சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க, ஊர்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வந்த எச்சரிக்கையை உரக்க வாசித்தான்.

"பின்னால் சேர்க்கப்பட்டவை அனைத்தும் அழிக்கப்படும். இதைத் திரும்பப் பெற இயலாது. ஒப்புக்கொள்கிறீர்களா?"

"சரி சரி" என்றது ஊர்.

"மறுபடியும் வாசிக்கேன், கேளுங்க. அனைத்தும்னு போட்டிருக்கு. யாருக்கு எது மொதல்ல இருந்து இருக்கு, எது பின்னால வந்துதுன்னு ஒரு தடவ நெனச்சுப் பாருங்க."

"நாங்க மொதல்ல இருந்து இருக்கவங்க மாப்ளே" என்றார் சொரிமுத்து. "எங்க தாத்தா காலத்துலயே இந்த ஊரு எங்க ஊரு." அவருக்குப் பின்னால் ஆளாளுக்கு நாங்களும் நாங்களும் என்றார்கள். தாத்தாவுக்கு அப்பா எங்கிருந்து வந்தார் என்று ஒருத்தரும் பேச்சை எடுக்கவில்லை. இறங்கினவர்களும் கை தூக்கினார்கள், அவர்கள் எதற்குத்தான் தூக்கவில்லை.

கொம்பையா பெண்கள் பக்கம் பார்த்தான். உலகம்மை தன்ஷிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அமுக்குங்க" என்றாள். "போனா மூணு பேரும் போவோம்." அவள் அப்பா பக்கத்திலேயே நின்றார், அவள் அவரைப் பார்க்கவில்லை. கொம்பையா அமுக்கினான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நெட் ஸ்லோ போல என்று சனம் வீட்டுக்குப் போய்ப் படுத்தது.

விடிந்து எழுந்தால், எல்லாரும் உடைமர முள்காட்டில் கிடந்தார்கள். போட்டிருந்த துணி இருந்தது, அதுகூட அவரவர் மானத்தைப் பார்த்து விட்டுவைத்தது போலிருந்தது. வீடு இல்லை, நூலகம் இல்லை, டீக்கடை இல்லை, தார் ரோடு இல்லை. கோபுரமும் மண்டபமும் போய், முப்பிடாதி அம்மன் ஒரு கல்லாகப் பனைமரத்து நிழலில் இருந்தாள், அவளுக்கு இது புதிது இல்லை, பழைய இடத்துக்கு வந்தவள் மாதிரிதான் இருந்தாள். இறங்கினவர்களில் ஒருத்தரையும் காணோம், எல்லாரும் சொன்னபடி போனுக்குள் போய்விட்டிருப்பார்கள், அந்தப் போனைத்தான் காணோம். பட்டா இல்லை, பத்திரம் இல்லை, சொரிமுத்து இடுப்பைத் தடவிப் பார்த்தார், சாவிக்கொத்து இல்லை. வண்டிமலையான் தன் வீடு இருந்த இடத்தில் இருந்த கரையான் புற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளியூர் என்று நினைத்திருந்தவனும் நம்மோடுதானே கிடக்கிறான் என்று கொம்பையாவை எல்லாரும் பார்த்தார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் புகை எழுந்தது. அங்கே குடிசைகள் இருந்த இடத்தில் இருந்தன, கோழிகள் மேய்ந்தன, யாரோ அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. அவர்கள் பேர் ஊர்ப் போனில் எந்தக் காலத்திலும் ஏறினதில்லை. ஊர் என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே அங்கே இருந்தவர்களும் அவர்கள்தான், அதை ஊரில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழ, வேறு போக்கில்லாமல், ஊர் மொத்தமும் ஓடையைத் தாண்டிப் போய் முதல் குடிசை முன்னால் நின்றது.

ஆவுடைத்தாய் அரைத்த கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் குடியிருப்பில் அவள் சொன்னால் எடுபடும். கொம்பையாவிடம் போனைப் பழுது பார்க்கக் கொடுத்தவள், அவன் கடையில்தான் அவளை வெளியே நிற்க வைக்காமல் ஸ்டூலில் உட்காரச் சொல்வான். அவன் பேரும் ஊர்ப் போனில் ஏறினதில்லை, அதனால் அவன் மட்டும் அவளுக்கு நினைவில் இருந்தான். "வாங்க அண்ணாச்சி" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "இவங்கல்லாம் யாரு?"

"நான் தர்மகர்த்தால்லா" என்றார் சொரிமுத்து.

ஆவுடைத்தாய் ஓடைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். உடைமரமும் பனையும்தான் தெரிந்தன. "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

வண்டிமலையான் மருமகனுடைய கையைப் பிடித்தார், கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி, அதற்குப் பிறகு பிடித்ததே இல்லை. "ஏ கொம்பையா" என்றார், மாப்ளே என்பதை விட்டுவிட்டு. "யாருன்னு நீ சொல்லேன்ப்பா."

கொம்பையாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. இவர்களை யார் என்றே தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தண்ணீர்கூடக் கிடைக்காது. சொல்லிவிடலாமா என்று நினைத்துப் பார்த்தான், அழுதுகொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்தான். "நம்ம ஊருக்கு வந்திருக்க புது மாப்பிள்ளைங்க யக்கா" என்றான்.

"அப்படியா" என்று அவள் முகம் மலர்ந்து, சேலை முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வாங்க மாப்ளே, வாங்க மாப்ளே" என்று வாய் நிறைய அழைத்து, வேப்பமரத்தடியில் தார்ப்பாயை விரித்து எல்லாரையும் உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து குடித்தார்கள்.

அவர்களுக்கும் அந்த வாரம்தான் கொடை. குடிசை ஓரத்தில், வெயில் படாத இடத்தில், முளைப்பாரிச் சட்டிகள் வெளிர்ப்பச்சையாக எழும்பி நின்றன. தன்ஷிகா அதையே பார்த்துக்கொண்டிருந்ததை ஆவுடைத்தாய் கவனித்தாள்.

"எடுக்கியாம்மா? ஒரு சட்டி கூடுதலாத்தான் போட்டிருக்கு."

தன்ஷிகா அப்பாவைப் பார்த்தாள். "இல்ல யக்கா, வரி கட்டணும்லா" என்றான் கொம்பையா.

"பின்ன? சும்மாவா விடுவோம். ஒங்ககிட்ட வரி வாங்கத்தான் செய்வோம். கையில இல்லன்னா பந்தலுக்குக் குழி தோண்டுங்க, கழிச்சுக்கிடுதோம்."

கொம்பையா அழுதுவிட்டான். உலகம்மை அவன் முதுகைத் தட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு சட்டிகள் இருந்த பக்கம் போனாள். மரத்தடியில் சொரிமுத்து செம்பைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்து வந்தார். பேத்தி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது.

"எங்ககிட்டயும் வரி வாங்கிக்கிடுங்கம்மா" என்றார். "நாங்களும் குழி தோண்டுதோம்."

ஆவுடைத்தாய் பதறிப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என்ன பேச்சு பேசுதீய" என்றாள். "மாப்பிள்ளைங்ககிட்டப் போயி யாராவது வரி வாங்குவாகளா? நீங்க ஏன் வெயில்ல நிக்கிய, போயி மரத்தடியில உக்காருங்க."